பாட்டிமாரின் நன்றி



'விசுவாசம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் வருபவை யாவை? வானளாவிய ஆலயக் கோபுரம், பீடத்தில் எரியும் மெழுகுவர்த்தி, திருநாள் தேர், வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் பக்தர் கூட்டம் ஆகியவையே. ஆனால் ஆண்டில் ஒரு நாள் தேர் வருகிறது. மற்ற 364 நாட்களும் விசுவாசம் எங்கே குடியிருக்கிறது? அடுப்படியிலும், அரிசிப் பானையிலும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியிலும் குடியிருக்கிறது என்று நமக்குக் காட்டுபவர்கள் நம் பாட்டிமார்களே. அன்றாட வாழ்வில் அவர்கள் விசுவாசத்தையும் நன்றியையும் எவ்வாறு கண்டுகொள்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் சற்றுச் சிந்திப்போம்.

அணுபுரத்துப் பாட்டிமார்

செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே அமைந்துள்ளது எங்கள் அணுபுரம். கல்பாக்கத்தில் உள்ள அணுசக்தித் துறை நிறுவனங்களில் பணிபுரிவோருக்காக எழுந்த குடியிருப்பு இது. இங்கு வாழும் பாட்டிமாரிடம், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். நாகர்கோவில் என்பார் ஒருவர். தூத்துக்குடி என்பார் மற்றொருவர். கேரளம், ஆந்திரம் என்போரும் உண்டு. அணுபுரம் என்று சொல்பவரைக் காண்பது அரிது. நாங்கள் அழைக்கும் பெயர்களும் பலவகை. ஒரு வீட்டில் ஆச்சி, அடுத்த வீட்டில் அப்பத்தா, மாடி வீட்டில் அம்மச்சி!

மகனுக்கோ மகளுக்கோ இங்கே வேலை கிடைத்தது. பேரக் குழந்தை பிறந்தது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஊருக்குச் செய்தி போனது. பாட்டி வீட்டைப் பூட்டி, சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியும் செபமாலையுமாகப் புறப்பட்டு வந்தார். அவர் விட்டு வந்தவை எத்தனை! பல ஆண்டுகள் பழகிய கிணற்றடித் தோழியர், திருமணம் நடந்த ஆலயம், கணவர் துயிலும் கல்லறைத் தோட்டம் ஆகிய அனைத்தையும் விட்டு வந்தார். வந்து சேர்ந்த இந்த வீடும் நிலையானதன்று. பணி ஓய்வு வயது 60 ஆனதும் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். அதாவது, பாட்டி தங்கியிருக்கும் வீடு அவருக்கும் சொந்தமில்லை. அவர் மகனுக்கும் சொந்தமில்லை. ஊரில் ஆலய மணி அவருக்கு நேரம் சொன்னது. இங்கே ஷிப்ட் பஸ்ஸும் பள்ளிப் பேருந்துமே நேரம் சொல்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நன்றியோடு வாழ முடியுமா? முடிகிறது. எப்படி?

விடியுமுன் எழும் பாட்டி முதலில் திரு இருதய ஆண்டவர் படத்தின்முன் நின்று, "நேற்றைய நாளுக்கு நன்றி, ஆண்டவரே" என்கிறார். பிறகுதான் பால் கவரை நறுக்குகிறார். உலையில் அரிசி போடுமுன் கையால் சிலுவை வரைகிறார். சில வீடுகளில் ஒரு பிடி அரிசியை ஏழைகளுக்கென்று தனியே எடுத்து வைக்கும் வழக்கமும் உண்டு. பேருந்துக்கு ஓடும் எங்களைப் பிடித்து நிறுத்தி, கட்டை விரலால் நெற்றியில் சிலுவை இடுகிறார். நண்பகலில் தனியே அமர்ந்து மூவேளை செபம் சொல்கிறார். மாலையில் செபமாலை. அதன் 53 அருள் நிறை மந்திரங்களில் ஒவ்வொன்றையும் ஒரு பேரப்பிள்ளைக்கு, ஒரு நோயாளிக்கு, ஊரில் உள்ள ஒரு தோழிக்கு என்று பங்கிட்டு ஒப்புக்கொடுக்கிறார். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டுவதில்லை. சொந்த வீடும் வேண்டுவதில்லை.

இது கத்தோலிக்கப் பாட்டிமாருக்கு மட்டும் உரிய பண்பன்று. பக்கத்து வீட்டு இந்துப் பாட்டி வேதகிரி மலை இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பியபின்தான் காப்பி அருந்துகிறார். இஸ்லாமியப் பாட்டி உண்டு முடித்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறார். புகழனைத்தும் இறைவனுக்கே என்பது அதன் பொருள். திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்கென்று தம் நூலின் 11ஆம் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளார் அன்றோ!

நன்றி என்பது என்ன?

நன்றி என்பது வெறும் நாவின் மரியாதையன்று. அதில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, கிடைத்ததைக் கவனித்தல். இரண்டாவது, அது நம் திறமையால் மட்டும் வந்ததன்று, ஒருவர் தந்தது என்று அறிதல். மூன்றாவது, பெற்றதைப் பிறரோடு பகிர்தல். பாட்டியின் காலைச் செபம் முதற்படி. அரிசியின்மேல் இடும் சிலுவை இரண்டாம் படி. பிடி அரிசி மூன்றாம் படி.

நம் திருச்சபையின் வழிபாட்டு மையமே நன்றிதான். நற்கருணையைக் குறிக்கும் 'எயுக்கரிஸ்தியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றி கூறுதல்' என்றே பொருள். லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) நாள்தோறும் செய்யக் கற்பித்த ஆன்ம ஆய்வில் ஐந்து படிகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுவது. குற்றங்களை எண்ணுவது அதன் பின்னரே வருகிறது. படுக்குமுன் அன்றைய நாளை விரல் விட்டு எண்ணி நன்றி சொல்லும் பாட்டி இஞ்ஞாசியாரின் நூலைப் படித்தவர் அல்லர். ஆயினும் அதே வழியில்தான் நடக்கிறார்.

இக்கால அறிவியலும் இதற்குச் சான்று பகர்கிறது. இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவர் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் கல்லூரி மாணவரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். வாரம் ஒருமுறை, ஒரு குழுவினர் தாம் நன்றி பாராட்டும் ஐந்து காரியங்களை எழுத வேண்டும். இன்னொரு குழுவினர் தமக்கு நேர்ந்த தொல்லைகளை எழுத வேண்டும். மூன்றாம் குழுவினர் பொதுவான நிகழ்ச்சிகளை எழுத வேண்டும். பத்து வாரங்கள் சென்றபின், நன்றிக்குரியவற்றை எழுதியவர்களே தம் வாழ்வைப் பற்றி அதிக நிறைவும் வரும் வாரத்தைப் பற்றி அதிக நம்பிக்கையும் கொண்டிருந்தனர். அவர்கள் குறிப்பேட்டில் செய்ததைப் பாட்டி செபமாலை மணிகளில் செய்கிறார்!

துன்பத்திலும் நன்றி கூற இயலுமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. துன்பமே இல்லாதவர்கள் நன்றி சொல்வது எளிது. இழந்தவர்கள் என்ன செய்வார்கள்?

விவிலியத்தில் ரூத்து நூலைப் பாருங்கள். பஞ்சத்தின் காரணமாகப் பெத்லகேமை விட்டு மோவாபு நாட்டுக்குச் சென்ற நகோமி, அங்கே கணவரையும் இரு புதல்வரையும் இழந்தாள். ஊர் திரும்பியபோது, தன்னை இனிமை என்னும் பொருள்படும் 'நகோமி' என்று அழைக்க வேண்டாம், கசப்பு என்னும் பொருள்படும் 'மாரா' என்றே அழையுங்கள் என்றாள். மருமகள் ரூத்து அவளைக் கைவிடவில்லை. வயலில் கதிர் பொறுக்கிக் கொண்டுவந்து அவளுக்கு உணவிட்டாள். பின்னர் ரூத்துக்குப் பிறந்த ஓபேது என்னும் குழந்தையை நகோமி தன் மடியில் வைத்து வளர்த்தாள். அக்குழந்தையின் பேரன்தான் தாவீது அரசர். மாண்டவர் மீளவில்லை, கசப்பு நடந்ததுதான். ஆயினும் காலி மடியில் ஒரு குழந்தை வந்தது. கசப்பை மறைக்காமல் கடவுளிடம் சொன்ன வாய்தான் நன்றியும் சொல்லத் தகுதி பெற்றது. திருப்பாடல்கள் நூலில் புகழ்ச்சியோடு புலம்பலும் இருப்பதை நாம் காணலாம்.

எங்கள் கடற்கரையும் இப்பாடத்தைக் கற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை கல்பாக்கத்தையும் தாக்கியது. அன்று இயங்கிக்கொண்டிருந்த அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் கடலோரக் குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் பறிபோயின. நாங்கள் அப்போது பிறக்கவில்லை. அந்நாளைக் கண்ட பாட்டிமார் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது, "தப்பினோம், நன்றி" என்பார்கள், அதே மூச்சில் "ஏன் ஆண்டவரே?" என்றும் கேட்பார்கள். இரண்டுமே செபம் என்பது எங்கள் எண்ணம். நன்றி என்பது துன்பத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வதன்று. துன்பத்தைப் பார்த்த கண்ணாலேயே, மிச்சமிருக்கும் நன்மையையும் பார்ப்பதாகும்.

பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த செல்வம்

பாட்டியின் விசுவாசம் அவரோடு முடிவதில்லை. புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலின் தொடக்கத்தில், அவரது விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் பின்னர் தாய் யூனிக்கியிடமும் விளங்கியதை நினைவுகூர்கிறார். புதிய ஏற்பாட்டில் 'பாட்டி' என்னும் சொல் வருவது இந்த ஓரிடத்தில்தான். லோயி மறையுரை ஆற்றியதாகவோ புதுமை செய்ததாகவோ எங்கும் எழுதப்படவில்லை. வீட்டிலே ஒரு பிள்ளையை வளர்த்தார். அப்பிள்ளை திருச்சபைக்கு ஓர் ஆயரானார்.

நம் காலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. திருத்தந்தை பிரான்சிசின் பாட்டி ரோசா இத்தாலி நாட்டவர். 1927ஆம் ஆண்டில் அக்குடும்பத்தினர் அர்ஜென்டினாவுக்குப் புறப்பட எண்ணியிருந்த 'பிரின்சிபெசா மஃபால்டா' என்னும் கப்பல் பிரேசில் கரையருகே மூழ்கியது. சொத்துக்களை விற்று முடிக்கத் தாமதமானதால் அவர்கள் அதில் ஏறவில்லை. 1929ஆம் ஆண்டில் வேறொரு கப்பலில் புவனோஸ் ஐரஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, சுடும் கோடையிலும் ரோசா கம்பளி மயிர் மேலங்கி அணிந்திருந்தார். வீடு விற்ற பணம் அதற்குள் தைக்கப்பட்டிருந்தது! அவரும் சொந்த ஊரை விட்டு வந்த பாட்டிதான். சிறுவன் ஜார்ஜுக்குச் செபிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. அப்பேரன் 1969ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் குருவானார். வாழ்வில் வேதனை வரும் நாளில் நற்கருணைப் பேழையின் முன்னும் சிலுவையடியில் நிற்கும் மரியாவிடமும் ஆறுதல் தேடுமாறு பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்த மடலை, அவர் தம் செப நூலுக்குள் வைத்துக் காத்துவந்தார். 2013இல் திருத்தந்தையான அவர், 2021ஆம் ஆண்டில் தாத்தா பாட்டிமார் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். அது ஜூலை மாதம் நான்காம் ஞாயிறன்று, இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாளாகிய ஜூலை 26ஐ ஒட்டிக் கொண்டாடப்படுகிறது. பிரான்சிஸ் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் ஏற்படுத்திய நாள் தொடர்கிறது.

நம் கடமை

தோழியரே, இதுவரை பாட்டிமாரைப் போற்றினோம். போற்றிவிட்டுப் போவது எளிது. "எனக்கென்னம்மா குறை? ஆண்டவர் நல்லாத்தான் வச்சிருக்கார்" என்று பாட்டி சொல்லும்போது, அவருக்குக் குறையே இல்லை என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பகல் முழுதும் பூட்டிய வீட்டில் பேச்சுத் துணையின்றி இருப்பது குறைதான். கண்புரையால் செபப் புத்தகத்தின் எழுத்து மங்குவது குறைதான். நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, தாத்தாவின் கல்லறைக்குச் செல்ல இயலாமல் இங்கே வாசற்படியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பது பெருங்குறை. அவற்றைச் சொல்லாமல் நன்றியை மட்டும் சொல்வது அவருடைய பெருந்தன்மை. சொல்லாததையும் அறிந்துகொள்வது நம் கடமை. நகோமிக்கு நன்றி சொல்லும் நாள் வந்ததே, ரூத்து அவள் அருகில் இருந்ததால் அல்லவா?

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மாலையில் பத்து நிமிடம் அமர்ந்து விவிலியத்தை உரக்க வாசித்துக் காட்டலாம். ஊரில் உள்ள அவர் தோழியோடு தொலைபேசியில் பேச வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா கோவிலுக்கோ கோவளம் கார்மேல் மாதா கோவிலுக்கோ கைபிடித்து அழைத்துச் செல்லலாம். கல்லறைத் திருநாள் விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் அவருக்காக நாம் கேட்கலாம். நாளெல்லாம் நன்றி சொல்லும் அவரிடம், "நன்றி, பாட்டி" என்று ஒருமுறை நாம் சொல்லலாம். இன்று மாலை செபமாலைக்குப் பாட்டி அழைக்கும்போது, "இதோ வருகிறோம்" என்று குரல் கொடுப்பதோடு நின்றுவிடாமல், எழுந்து சென்று அவர் பக்கத்தில் அமர்வோமாக!