வேகம் உண்டு, தாமதமும் உண்டு

புதுதில்லி: பிராட்பேண்ட் இணைப்பின் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 256 கிலோபிட் என 2004-இல் வரையறுத்த மத்திய அரசு, 2023-இல் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தியது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளில் இணையவழி மோதும் இளைஞர்களின் குறையோ வேறு. பொத்தானை அழுத்தியதும் சர்வரிலிருந்து பதில் திரும்பும் நேரமே அங்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். தில்லியிலிருந்து 4,000 கி.மீ.க்கு அப்பாலுள்ள சிங்கப்பூர் சர்வரைத் தொட்டுத் திரும்பவே 40 மில்லி நொடி கழியும். கேபிளோ நேர்க்கோட்டில் செல்வதில்லை. மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களைச் சுற்றியே போகிறது. வெளிநாட்டு முனையம் வரை 350 மில்லி நொடித் தாமதத்தை டிராயின் 2006-ஆம் ஆண்டு விதி அனுமதித்தது. மின்னஞ்சலுக்கு அது பொருட்டல்ல, 200 கி.மீ. வேகத்தில் பாயும் பந்தயக் கார் அதற்குள் 19 மீட்டர் ஓடிவிடும்.

கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் தூரம் குறையாது. சர்வர் நாட்டுக்குள்ளேயே அமைந்தால்தான் குறையும்.