தேதியும் மாத்திரையும்

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவுடன் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, "ஹார்ட் தாங்குமா?" என்பதுதான். அதற்காக ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, இதய மருத்துவரிடம் ஒரு ‘ஃபிட்னஸ்’ வாங்கிக்கொண்டு வருகிறோம். மூளை தாங்குமா என்று எவரும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு கை துவண்டு, வாய் கோணிவிட்டால் மட்டும் "மயக்க ஊசி போட்டதால் வந்தது" என்று பழி ஊசியின் மேல் விழுகிறது. அறுவை சிகிச்சையை ஒட்டி வரும் பக்கவாதத்தைப் பற்றி இந்த வாரம் நான் வாதிட நினைப்பது இதைத்தான்: இதயம், மூளை, கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த ஆபத்தில் நம்மால் குறைக்க முடிந்த பகுதி தியேட்டருக்குள் கொஞ்சம்தான், வெளியேதான் அதிகம். எந்தத் தேதியில் அறுக்கிறோம், எந்த மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது திரும்பத் தொடங்குகிறோம் என்ற இரண்டு முடிவுகளில் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது.

அறுவை சிகிச்சை நடந்த 30 நாட்களுக்குள் வரும் பக்கவாதத்தை மருத்துவர்கள் தனிக் கணக்கில் வைக்கிறார்கள். மூட்டு மாற்று, குடலிறக்கம், பித்தப்பை, கர்ப்பப்பை போன்ற ஆபரேஷன்களில் இது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவிலிருந்து நூறில் ஒருவருக்கு என்ற அளவு வரை வருகிறது. ரத்தக் கசிவால் வருவது குறைவு. அடைப்பால் வருவதே மிகுதி. அதிலும் பெரும்பாலானவை நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது நிகழ்வதில்லை, விழித்து வார்டுக்கு வந்த பிறகு, அடுத்தடுத்த நாட்களில்தான் நிகழ்கின்றன. காரணம் விளங்காத ஒன்றல்ல. உடலை அறுத்தால் ரத்தப்போக்கை நிறுத்த உடல் முனைகிறது. உறையவைக்கும் பொருட்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. காயத்தின் அழற்சி அதற்குத் துணைபோகிறது. இந்த நேரத்தில் பட்டினியால் நீர்ச்சத்து குறைந்திருக்கும். வலியாலும் உப்புகளின் ஏற்ற இறக்கத்தாலும் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் அந்தத் துடிப்பில் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். இத்தனையும் சேர்ந்திருக்கும் அதே வாரத்தில்தான், ரத்தம் உறையாமல் இருக்க வழக்கமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையையும் நாம் நிறுத்திவைத்திருக்கிறோம்.

நூறில் ஒருவருக்கும் குறைவாக வருவதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா, ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் நோயாளியை மேலும் பயமுறுத்துவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண்ணிக்கை, கை கால் விழுந்து கண்ணுக்குத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. 9 நாடுகளில் 12 மருத்துவமனைகளில் நடந்த நியூரோவிஷன் ஆய்வு 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட, இதயம் அல்லாத ஆபரேஷன் செய்துகொண்ட 1,114 பேருக்குச் சில நாட்களுக்குள் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். வெளியே எந்த அறிகுறியும் காட்டாத புதிய அடைப்பு 78 பேரின் மூளையில் இருந்தது. அதாவது 7 சதவீதம். ஓராண்டு கழித்து இவர்களின் நினைவாற்றலையும் யோசிக்கும் திறனையும் சோதித்தபோது, அடைப்பு இருந்தவர்களில் 42 சதவீதம் பேர் பின்தங்கியிருந்தார்கள். இல்லாதவர்களில் 29 சதவீதம். "ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா முன்ன மாதிரி இல்லை" என்று பல வீடுகளில் சொல்லப்படும் பேச்சை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பங்காவது இந்தக் கணக்கில் வரவேண்டியது. அடைப்புதான் அந்தச் சரிவுக்குக் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே ரத்தக்குழாய் கெட்டிருந்தவர்களுக்கு இரண்டுமே வந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், அபூர்வம் என்று சொல்லி ஒதுக்கும் உரிமை நமக்கு இல்லாமல் போகிறது.

தியேட்டருக்குள் கவனிக்க எதுவுமே இல்லை என்பதல்ல என் கட்சி. தோள்பட்டை ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியைச் சாய்வாக உட்காரவைத்துச் செய்வார்கள். ரத்த அழுத்தப் பட்டை கையில் இருக்கும். மூளையோ அதைவிட ஏறக்குறைய 20 செ.மீ. மேலே இருக்கும். ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் முக்கால் மி.மீ. அழுத்தம் குறையும். மானிட்டரில் சராசரி அழுத்தம் 65 என்று காட்டினால் மூளைக்குக் கிடைப்பது 50 மட்டுமே. பட்டையைக் கெண்டைக்காலில் கட்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். தேர்ந்த மயக்கவியல் மருத்துவர் இந்தக் கழித்தலை மனதுக்குள்ளேயே போட்டுக்கொள்வார். ஆகவே அழுத்தத்தை உயர்த்தியே வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். அதையும் சோதித்துவிட்டார்கள். பாய்ஸ்-3 என்ற ஆய்வில், பிரஷர் மாத்திரை சாப்பிடும் சுமார் 7,500 பேரில் ஒரு சாராருக்குச் சராசரி அழுத்தத்தை 80-க்குக் கீழே விடாமலும், மறுசாராருக்கு 60 வரை விட்டும் பார்த்தார்கள். 30 நாட்களில் இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் இரு பக்கமும் 14 சதவீதத்தை ஒட்டியே இருந்தன. கவனமாக நடக்கும் ஒரு தியேட்டரில் இதற்கு மேல் பிழிந்தெடுக்க அதிகம் இல்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

தேதிக்கு வருவோம். ஒரு முறை பக்கவாதம் வந்து மீண்டவருக்கு, அவசரமில்லாத ஆபரேஷனை எத்தனை மாதம் கழித்துச் செய்யலாம்? டென்மார்க்கில் 2005 முதல் 2011 வரை நடந்த 4,81,183 ஆபரேஷன்களை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் முன்பு பக்கவாதம் வந்தவர்கள் 7,137 பேர். பக்கவாதம், மாரடைப்பு, இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முன்பு பக்கவாதம் வராதவர்களில் ஆயிரத்துக்கு 4 பேருக்கு இவற்றில் ஒன்று நேர்ந்தது. வந்தவர்களில் ஆயிரத்துக்கு 54 பேருக்கு. வயது முதலானவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் அறுக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து 14 மடங்கு. மூன்று முதல் ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 5 மடங்கு, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் என்றால் 3 மடங்கு. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த ஆபத்து மேலும் இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றது. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 58 லட்சம் பேரை எடுத்துக்கொண்ட 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை வேறு விடை சொன்னது: முதல் மாதத்தில் பக்கவாதம் திரும்ப வரும் ஆபத்து 8 மடங்கு, மூன்று மாதம் நெருங்கும்போது 5 மடங்கு, அதன் பிறகு காத்திருந்தாலும் பெரிதாக இறங்கவில்லை. அமெரிக்க இதய அமைப்பின் 2021 அறிக்கை ஆறு மாதம், முடிந்தால் ஒன்பது என்றது. 2024 வழிகாட்டுதல் குறைந்தது மூன்று மாதம் என்று இறங்கிவந்தது.

"இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே, எதை நம்புவது?" என்று இங்கே ஒருவர் எழுந்து கேட்பார். டென்மார்க், அமெரிக்கக் கட்டுரைகள் இரண்டுமே பதிவேடுகளைப் புரட்டி எழுதியவை. சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரித்தவை அல்ல. பக்கவாதம் வந்த இரண்டாம் மாதமே ஆபரேஷனுக்குப் போனவர், காத்திருக்க முடியாத அளவுக்கு மோசமாக இருந்தவராகவும் இருக்கலாம். போதாததற்கு, டென்மார்க்கின் கணக்கில் மாரடைப்பும் சேர்ந்திருக்கிறது. மடங்குகளின் துல்லியத்தை நான் நம்பச் சொல்லவில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் மிக மோசமான காலம் என்பதில் இரண்டு நாட்டுப் பதிவேடுகளும் ஒரே குரலில் பேசுகின்றன. சண்டை மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான். மூட்டு மாற்று சிகிச்சைக்கு முதல் மூன்று மாதத்தில் தேதி வாங்குவதற்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ஆதரவு கிடையாது. மகன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறார், காப்பீடு இந்த மாதத்தோடு முடிகிறது என்பவை உண்மையான நெருக்கடிகள்தான். மூளையின் ரத்தக்குழாய்க்கு அவை தெரியாது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்த முதியவரை மூன்று மாதம் படுக்கவைத்தால் நுரையீரல் சளியும் படுக்கைப் புண்ணும் முந்திக்கொள்ளும். குடலில் அடைப்பு, வெடிக்கும் நிலையில் குடல்வால், வளர்ந்துவரும் புற்றுநோய் இவற்றுக்கெல்லாம் பஞ்சாங்கம் பார்க்க முடியாது. தள்ளிப்போடலாம் என்ற பேச்சு தள்ளிப்போடக்கூடியவற்றுக்கு மட்டும்தான். எது எந்த வகை என்று அறுவை மருத்துவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

மாத்திரை விஷயம் இதைவிடச் சிக்கல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள் வார்ஃபரின், நம் ஊரில் அசிட்ரோம் போன்றவற்றைச் சாப்பிடுவார்கள். ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு வார்ஃபரினை நிறுத்துவது வழக்கம். அந்த இடைவெளியில் கட்டி உருவாகிவிடுமோ என்ற பயத்தில் ஹெப்பாரின் வகை ஊசியைப் போட்டு இட்டு நிரப்புவது பல்லாண்டுப் பழக்கம். 2015-ல் வந்த பிரிட்ஜ் ஆய்வு 1,884 பேரிடம் அதைச் சோதித்தது. ஊசி போட்டவர்களில் 0.3 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 0.4 சதவீதம் பேருக்கும் அடைப்பு வந்தது. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். பெரிய ரத்தப்போக்கோ 3.2 சதவீதத்துக்கு எதிராக 1.3. ஊசி காப்பாற்றவில்லை, ரத்தத்தைத்தான் கொட்டவைத்தது. உலோக வால்வு பொருத்தியவர்களும் சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. அவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசி வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாது. புதிய வகை மாத்திரைகளான அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் சாப்பிடுபவர்களைப் பற்றி 3,007 பேரிடம் நடந்து 2019-ல் வெளிவந்த பாஸ் ஆய்வு இருக்கிறது. ரத்தப்போக்கு அபாயம் குறைந்த ஆபரேஷனுக்கு ஒரு நாள், அதிகமானதற்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தி, பின்னரும் ஏறக்குறைய அதே இடைவெளியில் தொடங்கினால் போதும். அடைப்பு மூன்று மருந்துகளிலும் 1 சதவீதத்துக்கும் கீழேயே நின்றது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் டாபிகாட்ரானை இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. சாதாரணமாக ஒரு பல் பிடுங்குவதற்கும் கண்புரை நீக்குவதற்கும் பெரும்பாலானோர் மாத்திரையை நிறுத்தவே தேவையில்லை.

ஆஸ்பிரினில்தான் என் வாதம் இடறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் வந்த பாய்ஸ்-2 ஆய்வில் 10,010 பேருக்கு ஆபரேஷன் நேரத்தில் ஆஸ்பிரினோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். மரணமும் மாரடைப்பும் சேர்த்து 7.0, 7.1 சதவீதம். பெரிய ரத்தப்போக்கு மட்டும் ஆஸ்பிரின் பக்கம் 4.6, மறுபக்கம் 3.8. ஆக, "எந்த மாத்திரையையும் நிறுத்தாதே" என்ற பாடம் சரியில்லை. எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு. சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினை நிறுத்துவது விளையாட்டல்ல. நாற்பது வயதானதும் முன்னெச்சரிக்கையாகத் தானே வாங்கிச் சாப்பிடுபவருக்கு நிறுத்துவதால் இழப்பில்லை.

நிறுத்துவதைப் போலவே புதிதாகத் தொடங்குவதும் மூளையைத் தாக்கலாம். இதற்கு 2008-ல் வந்த முதல் பாய்ஸ் ஆய்வைவிடத் தெளிவான சான்று கிடையாது. கனடாவின் ஹாமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. டெவெரோ தலைமையில், 23 நாடுகளில் 8,351 பேரிடம் நடந்தது. இதயத்தைக் காக்கும் என்று நம்பி, ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு மெட்டோப்ரொலால் தொடங்கினார்கள். நம்பியபடியே மாரடைப்பு 5.7 சதவீதத்திலிருந்து 4.2-ஆகக் குறைந்தது. ஆனால் பக்கவாதம் 0.5-லிருந்து 1.0-ஆக இரட்டித்தது, மரணமும் 2.3-லிருந்து 3.1-ஆக ஏறியது. இதயத்துக்கு மட்டும் ‘ஃபிட்னஸ்’ பார்க்கும் நம் வழக்கத்தின் மீது வைக்கப்பட்ட மிகக் கடுமையான விமர்சனம் இந்த மூன்று வரிகள்தான் என்பேன். ஏற்கெனவே அந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் நிறுத்தக் கூடாது என்பது வேறு விஷயம். ஆபரேஷனன்று காலையில் புதிதாகத் தொடங்குவதுதான் தவறு.

இதய அறுவை சிகிச்சை இந்த வாதத்துக்கு விதிவிலக்கு. அங்கே மகாதமனியைக் கவ்விப் பிடிக்கும்போது அதன் உட்சுவரில் படிந்த கொழுப்பு உதிர்ந்து மூளைக்குப் போகலாம். கத்தியின் பங்கு நேரடியானது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு இதயத்தைத் திறந்திருக்கும்போதே இடது மேலறையின் பையை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று 4,770 பேரிடம் பார்த்த 2021 ஆய்வில், பக்கவாதமும் பிற அடைப்புகளும் 7.0 சதவீதத்திலிருந்து 4.8-ஆகக் குறைந்தன. அந்தப் பலனும் முதல் மாதத்தைவிடப் பின்வந்த ஆண்டுகளில்தான் அதிகம் தெரிந்தது.

கடைசியாக, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் அட்டெண்டருக்கு. முதுகில் ஊசி போட்டிருந்தால் இரண்டு காலும் மரத்திருக்கும். கைக்கும் பேச்சுக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே பக்கக் கையும் காலும் வலுவிழந்தால், வாய் ஒரு பக்கம் இழுத்தால், பேச்சு குழறினால், அது மயக்க மருந்தின் மிச்சம் அல்ல. பெரிய ஆபரேஷன் நடந்து 14 நாட்களுக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். ஆனால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு ஆபரேஷன் தடையாவது அபூர்வம். பொதுவாக 6 மணி நேரத்துக்குள், மூளைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை அதைச் செய்யலாம். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதாகத்தான் இருக்கும். பகலானாலும் நடுராத்திரியானாலும் நர்ஸை எழுப்புங்கள். அந்த மணியைச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருப்பிப் பாருங்கள்: நிறுத்திய மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் எழுதி வாங்காமல் வண்டி ஏறாதீர்கள்.

(தொடரும்)