சூளை இல்லாத தொழிற்சாலை!

விருத்தாசலம் போயிருக்கிறீர்களா? கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் ஊர். 'விருத்தம்' என்றால் பழையது. 'அசலம்' என்றால் மலை. அதனால்தான் அந்த ஊருக்குத் திருமுதுகுன்றம் என்றும் ஒரு பெயர். பழமலைநாதர் கோவிலின் பெரிய கோபுரங்கள் தூரத்திலேயே தெரியும்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது பீங்கான்! கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை என்று எத்தனையோ பொருட்களை இங்கே செய்கிறார்கள். களிமண்ணை நன்றாகக் குழைத்து, அச்சில் வார்த்து, காய வைத்து, சூளையில் அடுக்கிச் சுடுவார்கள். நல்ல பீங்கான் ஆவதற்கு ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரியே போதும். அப்படியானால் சூளைக்குள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

சரி, ஊரைத் தாண்டிக் கொஞ்சம் வயல் பக்கம் போவோமா? அங்கேயும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஒன்றல்ல, கோடிக்கணக்கில்! ஆனால் புகை இல்லை, தீ இல்லை, சூளையும் இல்லை.

மண்ணுக்குள்ளே என்ன?

கடலூர், விழுப்புரம் பக்கத்தில் வேர்க்கடலையை மணிலா, மல்லாட்டை என்று சொல்வார்கள். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. வி.ஆர்.ஐ. 2, வி.ஆர்.ஐ. 8 போன்ற வேர்க்கடலை ரகங்கள் அங்கே உருவானவைதான். 'வி.ஆர்.ஐ.' என்பதே விருத்தாசலத்தைக் குறிக்கும் எழுத்துகள்!

ஒரு மல்லாட்டைச் செடியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். காய்கள் தெரியும். அதை விட்டுவிடுங்கள், வேரைக் கவனியுங்கள். கடுகு அளவில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிக் கொண்டிருக்கும். பூச்சியா? நோயா? இரண்டும் இல்லை. அவைதான் வேர் முடிச்சுகள். நாம் சொன்ன தொழிற்சாலைகள்!

அங்கே என்ன உற்பத்தியாகிறது? உரம்! மூலப்பொருள் என்ன? காற்று!

கோத்த கையை யார் பிரிப்பது?

நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். செடி வளர்வதற்கும், பச்சையாக இருப்பதற்கும், நம் உடம்பில் புரதம் உண்டாவதற்கும் நைட்ரஜன் கட்டாயம் வேண்டும். ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜனை நம்மாலும் பயன்படுத்த முடியாது, செடியாலும் பயன்படுத்த முடியாது.

ஏன் தெரியுமா? காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கைகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மூன்று கைகளையும் கோத்து இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியைப் பிரித்தால்தான் அது உரமாகும்.

மனிதன் அதைப் பிரிக்கக் கற்றது சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்புதான். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹேபர், 1909ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதைப் பெரிய தொழிற்சாலையாக்கினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. அதற்கு 400 முதல் 500 டிகிரி வெப்பம் வேண்டும். நம்மைச் சுற்றி இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும் வேண்டும்! யூரியா இந்த வழியில் வருவதுதான். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்வேலியில்கூட ஒரு காலத்தில் யூரியா தொழிற்சாலை இயங்கியது. இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேர் சாப்பிடும் உணவு, இப்படிச் செய்த உரத்தை நம்பித்தான் விளைகிறது.

இவ்வளவு வெப்பமும் அழுத்தமும் கேட்கிற வேலையை, மல்லாட்டைச் செடியின் முடிச்சு சாதாரண மண்ணின் சூட்டிலேயே செய்து முடித்து விடுகிறது. எப்படி?

முடிச்சுக்குள் குடியிருப்பவர்

முடிச்சைச் செய்வது செடி. உள்ளே குடியிருப்பது ரைசோபியம் என்ற வகைப் பாக்டீரியா. 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர், பயறு வகைச் செடிகளுக்கு நைட்ரஜன் காற்றிலிருந்து வருகிறது, அதற்கு முடிச்சுகளே காரணம் என்று அறிவித்தார். இரண்டு ஆண்டு கழித்து, ஹாலந்தைச் சேர்ந்த பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார்.

அந்தக் காலத்து விவசாயிகளுக்குப் பாக்டீரியாவின் பெயர் தெரியாது. ஆனால் அதன் பலன் தெரியும். நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பதும், சணப்பை, தக்கைப்பூண்டு, கொளுஞ்சியை மடக்கி உழுவதும் அதனால்தான்.

இந்தப் பாக்டீரியாவிடம் ஒரு நொதி இருக்கிறது. நொதி என்றால்? சோற்றை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்று பாருங்கள். இனிக்கும்! எச்சிலில் இருக்கும் நொதி, மாவுச் சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. அதுபோல நைட்ரஜனின் பிடியைப் பிரிக்கும் நொதிக்கு 'நைட்ரோஜினேஸ்' என்று பெயர்.

இந்த நொதிக்கு இரண்டு பகுதிகள். ஒன்று சித்தாள், மற்றொன்று கொத்தனார். சித்தாள், எலக்ட்ரானை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டு வந்து கொத்தனாரிடம் கொடுப்பார். ஒரு ஜோடி நைட்ரஜனைப் பிரிக்க எட்டு நடை நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் கூலி உண்டு. 'ஏ.டி.பி.' என்பது உயிர்களின் உடம்பில் செலவாகும் சக்திக் காசு. எட்டு நடைக்குக் குறைந்தது 16 காசு! இந்தக் கூலிக்கான சர்க்கரையை, வெயிலில் சமைத்து வேருக்கு அனுப்புவது இலைதான்.

கொத்தனாரின் நடுவில் ஓர் அணுக்கூட்டம் இருக்கிறது. ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம். இந்த நொதியின் வடிவத்தை 1992இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அப்போது, கூட்டத்தின் நடுவில் ஒன்றும் இல்லை என்றே நினைத்தார்கள். 2002இல் இன்னும் கூர்மையாகப் பார்த்தபோது, நட்டநடுவில் ஏதோ ஒரு சின்ன அணு ஒளிந்திருப்பது தெரிந்தது! அது யார்? நைட்ரஜனா, ஆக்சிஜனா, கார்பனா? விடை கிடைக்க 2011 ஆகிவிட்டது. கார்பன்! அந்தக் கொத்தனார் பிடியைப் பிரிக்கும் முறையில், படிப்படியாக என்ன நடக்கிறது என்பதை இன்றும் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள்.

ரத்தச் சிவப்பு முடிச்சு!

இவ்வளவு கெட்டிக்கார நொதிக்கு ஓர் எதிரி உண்டு. ஆக்சிஜன்! ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் கெட்டுப் போய்விடும். ஆனால் பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேண்டுமே! என்ன செய்வது?

செடி ஒரு தந்திரம் செய்கிறது. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறதல்லவா? அதற்குச் சொந்தக்காரர் போன்ற ஒரு சிவப்புப் பொருளை முடிச்சுக்குள் நிரப்புகிறது. அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக் கொண்டு, பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் கொடுக்கும். அதனால் நன்றாக வேலை செய்யும் முடிச்சை நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் வேலை முடிந்துவிட்டது!

ஒரே விதை, இரண்டு வளர்ப்பு

இப்போது ஒரு கேள்வி. ஒரே செடியில் பறித்த இரண்டு விதைகளை எடுத்து, ஒன்றைச் சாதாரண மண்ணிலும், மற்றொன்றை யூரியா அதிகம் கொட்டிய மண்ணிலும் போடுங்கள். எதில் முடிச்சு நிறைய வரும்?

உரம் போட்டதில் என்கிறீர்களா? தவறு! உரம் கொட்டிய மண்ணில்தான் முடிச்சு குறையும். சில செடிகளில் வராமலே போகும்!

காரணம் மரபணு. அம்மா வைத்திருக்கும் சமையல் குறிப்பு நோட்டை மரபணு என்று வைத்துக் கொள்வோம். நோட்டில் நூறு பக்கம் இருக்கலாம். ஆனால் இன்றைக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது? வீட்டில் என்ன காய் இருக்கிறதோ அதைப் பொறுத்து! இரண்டு விதையிலும் நோட்டு ஒன்றேதான். ஆனால் முளைத்து வரும்போது மண்ணில் என்ன கிடைக்கிறது என்று வேர் பார்க்கிறது.

நைட்ரஜன் இல்லாமல் வாடினால், வேர் ஒரு வேதிப்பொருளை மண்ணில் கசிய விடுகிறது. அது பாக்டீரியாவைத் தொட்டதும், பாக்டீரியாவின் மரபணுவில் ஒரு பக்கம் திறக்கிறது. பாக்டீரியா பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வந்ததும் செடியின் மரபணுவில் 'முடிச்சு கட்டும்' பக்கம் திறக்கிறது. மல்லாட்டையில், பக்கவேர் கிளைக்கும் இடத்தில் உண்டாகும் சின்ன வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. உள்ளே ஆக்சிஜன் குறைந்ததும், பாக்டீரியாவின் 'நைட்ரோஜினேஸ் செய்' என்ற பக்கம் திறக்கிறது. கதவுக்குப் பின் கதவாக, எல்லாம் முறைப்படி!

மண்ணிலேயே யூரியா நிறையக் கிடைத்தால்? 'சும்மா கிடைக்கும்போது சர்க்கரையைச் செலவழிப்பானேன்?' என்று செடி அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. முடிச்சு போதுமான அளவு வந்துவிட்டாலும், வேர் இலைக்குத் தகவல் சொல்கிறது. இலையிடமிருந்து, 'போதும், நிறுத்து' என்று கட்டளை இறங்குகிறது!

சின்ன வயதில் கிடைப்பது மரபணுவின் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மாற்றும். இது செடிக்கு மட்டும் அல்ல. தேன்கூட்டைப் பாருங்கள். ராணித் தேனீயும், வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகின்றன. புழுவாக இருக்கும்போது கடைசி வரை 'ராயல் ஜெல்லி' சாப்பிட்டது ராணி ஆகிறது. சில நாட்களில் உணவு மாறியது வேலைக்காரி ஆகிறது. 2008இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், தேனீப் புழுவின் மரபணுவை மூடி வைக்கும் பூட்டுகளில் ஒன்றைச் செயல்படாமல் செய்தார்கள். ராயல் ஜெல்லி முழுதாகக் கொடுக்காமலே, பெரும்பாலான புழுக்கள் ராணிகளாக வளர்ந்தன!

இது ஏன் முக்கியம்?

செடியே செய்யக் கூடிய வேலைக்கு யூரியா வாங்கிக் கொட்டினால், விவசாயிக்குப் பணம் நஷ்டம். செடி எடுத்துக் கொள்ளாத உரம், மழையோடு இறங்கிக் கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேரும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிஞ்சினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

அதற்காக உரமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. முளைத்த முதல் சில வாரங்களில் முடிச்சு தயாராகி இருக்காது. அதனால் மல்லாட்டைக்கு அடியுரமாகக் கொஞ்சம் தழைச்சத்து கொடுக்கிறார்கள். கூடவே ரைசோபியம் பாக்கெட்டை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைக்கிறார்கள். 'அளவு' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெல்லுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதன் வேரில் முடிச்சு வராது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த நொதியைக் கொடுக்க முடியுமா என்று உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. இதற்கு ஒரு நல்ல செய்தி கடலிலிருந்து வந்தது! கடல் பாசி ஒன்றின் உயிரணுவுக்குள், முன்பு தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா, இப்போது பாசியின் உறுப்பாகவே மாறி நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதாக 2024இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இயற்கையில் ஒருமுறை நடந்திருக்கிறது. பயிரிலும் நடத்திக் காட்டப் போவது உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்!

செய்து பாருங்கள்!

* இரண்டு தொட்டிகளில் மல்லாட்டை விளைந்த வயலின் மண்ணை நிரப்புங்கள்.

* ஒவ்வொன்றிலும் ஐந்து மல்லாட்டைப் பருப்பை ஊன்றுங்கள். வறுத்த கடலையை ஊன்றிவிட்டு, முளைக்கவில்லை என்று எழுதக் கூடாது!

* ஒரு தொட்டிக்குத் தண்ணீர் மட்டும். இன்னொன்றுக்கு, வாரம் ஒரு முறை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை யூரியா கரைத்து ஊற்றுங்கள். பெரியவர்கள் கூட இருக்கட்டும். கையை நன்றாகக் கழுவுங்கள்.

* 40 நாள் கழித்து, தொட்டி மண்ணோடு செடியைத் தண்ணீரில் ஊற வையுங்கள். மண் கரைந்ததும் மெதுவாகத் தூக்குங்கள். இழுத்தால் முடிச்சு அறுந்து விடும்.

* இரண்டிலும் முடிச்சுகளை எண்ணுங்கள். நாலைந்தை அப்பாவிடமோ, அம்மாவிடமோ கொடுத்து நறுக்கச் சொல்லி, உள்ளே நிறம் பாருங்கள்.

எண்ணிக்கையையும் நிறத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதை அறிவியல் ஆசிரியரிடம் காட்டி, 'சார், இந்தத் தொட்டியில் மட்டும் ஏன் குறைந்தது?' என்று கேளுங்கள். விடை உங்களுக்குத்தான் முன்பே தெரியுமே!