இருப்பிடம் கூறும் வானொலி

பொழுதுபோக்கு வானொலியாளர் இருவர் வான்வழியே சந்தித்ததும் வினவுவது, "எங்கிருந்து பேசுகின்றீர்?" என்பதே. அவ்வினாவுக்கு இயந்திரமே விடையிறுக்கும் முறையை வகுத்தவர், அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பொப் புறுனிங்கா. அதன் முன்னோடி, 1984இல் நூறு மைல் குதிரைப் பந்தயமொன்றில், குதிரைகள் எங்கே, எந்நிலையில் உள்ளன என்பதை அறியப் பயன்பட்டது. அதற்குதவியது சிறியதொரு வீட்டுக் கணனியே. 1992இல் அது ஏ.பி.ஆர்.எஸ். என்னும் பெயரில் வெளிவந்தது.

வண்டியிலுள்ள கருவி, செய்மதிகளின் துணையால் தன் இருப்பிடத்தை அறிந்து, அதனை நிலையத்தின் அழைப்புக்குறியோடு சேர்த்து ஒலிபரப்புகிறது. ஐரோப்பாவில் இதற்குரியது 144.800 மெகாஹேர்ட்ஸ். நம் செவிக்கோ அது வெறும் கரகரப்பு! உயரத்திலுள்ள மறுவொலிபரப்பு நிலையம் அதனைக் கேட்டு, அதே அலைவரிசையில் திரும்பக் கூறும். தொலைவிலுள்ளவரின் கணனிப் படத்தில் ஒரு குறி தோன்றும்.

ஆனால், இருப்பிடச் செய்தி கிடைத்ததென்று எவரும் பதில் அனுப்புவதில்லை. இருவர் ஒரே கணத்தில் ஒலிபரப்பின் இரண்டுமே கெடக்கூடும்; அனுப்பியவர் அதனை அறியார். ஆதலாற்றான் இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் அனுப்புகின்றனர். மலையிடுக்கினுள் மறைந்தவரின் குறியோ, இறுதியாகக் கேட்ட இடத்திலேயே அசையாது நிற்கும். அவர் அங்கேயே இளைப்பாறுகிறார் என எண்ணிவிடுதல் எளிது. தேடச் செல்வோர் முதலிற் பார்க்கவேண்டியது, அச்செய்தி கேட்ட நேரத்தை. அரைமணி நேரத்துக்கு முந்தியதாயின், அக்குறியிலிருந்து அவர் சென்றிருக்கக்கூடிய பாதைகள் அனைத்தையும் தேடவேண்டியிருக்கும்.