ஹார்டு டிஸ்க்கில் ஒரு பாகப்பிரிவினை

“ஃபார்மட் போட்டுடு, சரியாயிடும்!”

பழைய கம்ப்யூட்டர் எங்கே மக்கர் பண்ணினாலும் பக்கத்தில் நிற்பவர் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான். காய்ச்சலுக்கும் அதே மாத்திரை, கால் சுளுக்குக்கும் அதே மாத்திரை! அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அந்தப் பதிலைத்தான், நண்பர்களே, எனக்குத் தெரிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

“இந்தக் காலத்தில் எதுக்குப்பா டாஸும் எஃப்டிஸ்க்கும்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாலை நேரத்தில் நான் தொழில் பழகும் ரிப்பேர் கடைக்கு வந்து பாருங்கள். பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் சின்னப் பட்டறைகளில் இன்னமும் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. மெஷினை ஓட்டும் ஐஎஸ்ஏ கார்டைச் சொருக, கடையில் கிடைக்கும் புது மதர்போர்டில் இடம் கிடையாது. புது மெஷின் வாங்கவோ லட்சங்கள் வேண்டும். அதனால் டிஸ்க் நின்றுபோனால் இன்னொரு பழைய டிஸ்க்கைத் தேடிப்பிடித்து, பிரித்து, ஃபார்மட் செய்து ஓடவைத்தே ஆகவேண்டும். டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம் கையில்தான் அந்த வேலை வந்து விழும்.

தலைப்பைப் பார்த்துவிட்டு 1959-இல் வந்த சிவாஜி படத்தின் விமர்சனம் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும். ஆனால் சம்பந்தம் இல்லாமலும் இல்லை!

நிலம், பத்திரம், பதிவேடு

ஒரு ஹார்டு டிஸ்க் உபயோகத்துக்கு வர மூன்று கட்டங்கள் உண்டு.

முதல் கட்டம், நிலத்தை அளந்து கல் நடுவது. தட்டின் மேல் வட்ட வட்டமாக டிராக்குகள், ஒவ்வொரு டிராக்கிலும் 512 பைட்டு கொள்ளும் செக்டார்கள். இதற்கு லோ-லெவல் ஃபார்மட் என்று பெயர். 1980-களில் வந்த எம்எஃப்எம் டிஸ்க்குகளில், உதாரணமாக சீகேட்டின் 20 எம்பி எஸ்டி-225-இல், இதை நாமே செய்யமுடிந்தது. ஐடிஇ டிஸ்க் வந்தபிறகு தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பிவிடுகிறார்கள். நாம் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது கட்டம் பாகப்பிரிவினை, அதாவது பார்ட்டிஷன். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை யாருக்கு என்று பத்திரம் எழுதுவது. எஃப்டிஸ்க் செய்வது இதைத்தான்.

மூன்றாவது கட்டம்தான் ஃபார்மட். ஒரு பாகத்துக்குள் எந்த ஃபைல் எங்கே குடியிருக்கிறது என்று எழுத ஒரு வெற்றுப் பதிவேட்டைத் திறந்துவைப்பது.

இந்த மூன்றும் பிடிபட்டால் திரையில் வரும் செய்தியே எந்தக் கட்டத்தில் கோளாறு என்று காட்டிக்கொடுக்கும். சி: என்று தட்டியதும் ‘இன்வேலிட் டிரைவ் ஸ்பெசிஃபிகேஷன்’ என்று வந்தால், டாஸின் கண்ணுக்குப் பத்திரமே தெரியவில்லை. ‘இன்வேலிட் மீடியா டைப்’ என்று வந்தால், பத்திரம் இருக்கிறது, பதிவேட்டைப் படிக்கமுடியவில்லை. வைவாவில் கேட்டாலும் உதவும்!

64 பைட்டு பத்திரம்

டிஸ்க்கின் முதல் செக்டாருக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று பெயர். அதன் 512 பைட்டில் முதல் 446 பைட்டு, கம்ப்யூட்டரை பூட் செய்யும் சின்ன புரோகிராமுக்கு. கடைசி 2 பைட்டு முத்திரை. இடையில் உள்ள 64 பைட்டுதான் நம் பாகப்பிரிவினைப் பத்திரம்! ஒரு பாகத்துக்கு 16 பைட்டு வீதம் நாலே நாலு பாகம். எங்கே ஆரம்பம், எத்தனை செக்டார், என்ன வகை, இதிலிருந்து பூட் ஆகலாமா என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

நாலு பேருக்கு மேல் வாரிசு இருந்தால்? ஒரு பாகத்தை எக்ஸ்டெண்டட் என்று எழுதி, அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களாக உள்பங்கு பிரித்துக்கொள்ளலாம். 1987-இல் வந்த டாஸ் 3.3 இந்த வசதியைக் கொண்டுவந்தது.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்தப் பத்திரத்துக்கு டிஸ்க்கில் நகல் கிடையாது. பல ஜிபி டிஸ்க்காக இருந்தாலும் அந்த 64 பைட்டு போனால் எல்லைக் கல் தெரியாத பொட்டல்தான்.

ஃபார்மட் எதை அழிக்கிறது?

சதவீதம் ஏற ஏற எல்லாம் அழிந்துகொண்டே போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். எம்எஸ்-டாஸில் நடப்பது வேறு. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது ஒவ்வொரு செக்டாரையும் படிக்கமுடிகிறதா என்று டாஸ் சோதிக்கிறது. முடியாததைக் கெட்டது என்று குறிக்கிறது. புதிதாக எழுதுவது பூட் செக்டார், ஃபேட் என்ற இருப்பிட அட்டவணை, ரூட் டைரக்டரி ஆகியவற்றை மட்டுமே. ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். வாக்காளர் பட்டியலில்தான் பெயர் இல்லை!

ஆகவே யாராவது அவசரத்தில் ஃபார்மட் போட்டுவிட்டால் உடனே செய்யவேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைலைக்கூட எழுதக்கூடாது. டாஸ் 5, 6 பதிப்புகளில் அன்ஃபார்மட் என்ற கட்டளையே இருந்தது. எழுதாத வரை மீட்க வழி உண்டு. எழுதிவிட்டால் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டியது போல. ஆனால் இந்த நம்பிக்கையைப் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் எல்லா செக்டாரிலும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது.

எவ்வளவு பெரிய பாகம் எழுதலாம்?

பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டாருக்கு மேல் எண்ணாது. 512-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 52,84,82,304 பைட்டு, அதாவது 504 எம்பி. டிஸ்க் அதைவிடப் பெரிதாக இருந்தாலும் அந்த பயாஸுக்கு அவ்வளவுதான் தெரியும். பின்னால் வந்த பயாஸ்களில் எல்பிஏ என்ற முறை சேர்ந்தபோது வரம்பு சுமார் 8.4 ஜிபி வரை உயர்ந்தது.

அடுத்த வரம்பு ஃபேட்16-உடையது. ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகு கிளஸ்டர். அதன் எண் 16 பிட் என்பதால் ஒரு பாகத்தில் சுமார் 65,000 கிளஸ்டருக்கு மேல் முடியாது. ஒரு கிளஸ்டர் அதிகபட்சம் 32 கேபி. ஆக ஒரு பாகம் 2 ஜிபியைத் தாண்டாது. 1996-இல் விண்டோஸ் 95-இன் ஓஎஸ்ஆர்2 பதிப்போடு வந்த ஃபேட்32 இதைத் தாண்டியது. ஆனால் டாஸ் 6.22-க்கு அது புரியாது.

2 ஜிபி முழுவதையும் ஒரே பாகமாக வைத்தால் என்ன நஷ்டம்? கணக்குப் போடுவோம். 2 கேபி அளவில் 1000 சின்ன புரோகிராம்கள் இருக்கின்றன. உண்மை அளவு சுமார் 2 எம்பி. ஆனால் எவ்வளவு சிறிய ஃபைலுக்கும் ஒரு முழு கிளஸ்டர் போய்விடும். 32 கேபி கிளஸ்டரில் அவை பிடிக்கும் இடம் சுமார் 31 எம்பி! அதே புரோகிராம்கள் 500 எம்பி பாகத்தில் இருந்தால் கிளஸ்டர் 8 கேபிதான். இடம் சுமார் 8 எம்பி. ஒற்றை ஆளுக்கு முழு பஸ்ஸை வாடகைக்கு எடுப்பதா, ஆட்டோ எடுப்பதா என்பதுதான் கேள்வி. சிஸ்டத்துக்கு சி:, நம் வேலைக்கு டி: என்று பிரித்தால் இன்னொரு லாபமும் உண்டு. சி:-யை மறுபடி ஃபார்மட் செய்தாலும் டி: பிழைத்துக்கொள்ளும்.

முதலில் செட்டப்பைப் பார்!

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கடைக்கு ஒருநாள் ஒரு பட்டறை முதலாளி பழைய பென்டியம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரையில் ‘மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’. பல வருஷமாக எழுதிச் சேர்த்த ஜாப் புரோகிராம் எல்லாம் அதற்குள். வேறு நகல் கிடையாது. “தம்பி, பார்த்த ரெண்டு பேரும் ஃபார்மட்தான் வழின்னு சொல்லிட்டாங்க. புரோகிராம் போச்சுன்னா ஆர்டரும் போச்சு” என்றார்.

கடை அண்ணன் ஃப்ளாப்பியைத் தொடவே இல்லை. “மொதல்ல செட்டப்புக்குள்ள போடா தம்பி” என்றார் என்னிடம். போனேன். தேதி பல வருஷம் பின்னால் நின்றது. மதர்போர்டு பேட்டரி காலி! பேட்டரி போனால் பயாஸ் டிஸ்க்கின் கணக்கையும் மறந்துவிடும். பிறகு யாரோ கையால் டிஸ்க் விவரம் கொடுத்து, எல்பிஏ இருக்கவேண்டிய இடத்தில் ‘நார்மல்’ என்று வைத்திருந்தார்கள். பத்திரமும் பதிவேடும் அப்படியே இருந்தன. அளக்கிற கோல்தான் தப்பு! புது பேட்டரி போட்டு, எல்பிஏ என்று மாற்றினோம். சி:, டி: இரண்டும் வந்துவிட்டன. முதல் வேலையாக டி: முழுவதையும் நகல் எடுத்துக் கொடுத்தோம். அன்று ஃபார்மட் போட்டிருந்தால் தப்பான கோலால் அளந்து, நல்ல பதிவேட்டின் மேலேயே புதுப் பதிவேடு எழுதியிருக்கும்.

வேலையில் இறங்குவோம்

எல்லாம் பார்த்தாச்சு, பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் வரிசை இது:

1. வேலை செய்யும் டிஸ்க்கைத் தவிர மற்ற ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். காரணம் உண்டு. டாஸ் முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் பிரைமரி பாகத்துக்கும் எழுத்துக் கொடுக்கிறது; அப்புறம்தான் லாஜிக்கல் டிரைவ்களுக்கு. இரண்டாவது டிஸ்க்கைச் சொருகியதும் அதன் பிரைமரி டி: ஆகிவிடும்; நேற்று வரை டி:-யாக இருந்தது இன்று இ:. பழைய நினைப்பில் டி:-யை ஃபார்மட் போட்டால் அடுத்தவன் சொத்து காலி!

2. ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா, கேபிளின் சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டப்பில் டிஸ்க் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எஃப்டிஸ்க், ஃபார்மட், சிஸ் மூன்றும் உள்ள பூட் ஃப்ளாப்பியை முன்கூட்டியே தயார் செய்து, எழுதாமல் பூட்டிவையுங்கள். டாஸ் கையில் இல்லாதவர்களுக்கு ஃப்ரீடாஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

4. எஃப்டிஸ்க்கில் முதலில் அழுத்தவேண்டிய எண் 4. அது பத்திரத்தைப் படித்துக் காட்டும், எதையும் மாற்றாது. வந்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள். டிஸ்க்கில் இல்லாத நகல் உங்கள் நோட்டில் இருக்கும்.

5. பழைய பாகங்களை நீக்க எண் 3. முதலில் லாஜிக்கல், பிறகு எக்ஸ்டெண்டட், கடைசியில் பிரைமரி. நீக்கும் முன் வால்யூம் லேபிளைத் தட்டச் சொல்லும். எரிச்சல்படாதீர்கள். சொத்து இன்னாருடையதுதானா என்று அது கேட்கும் சாட்சி அது.

6. எண் 1-இல் பிரைமரி. முழு அளவையும் எடுக்கட்டுமா என்று கேட்டால் ‘என்’ கொடுத்து உங்கள் அளவைக் கொடுங்கள். மிச்சத்தில் எக்ஸ்டெண்டட், அதற்குள் லாஜிக்கல்.

7. எண் 2-இல் பிரைமரியை ஆக்டிவ் ஆக்குங்கள். இதை விட்டால் ஃபார்மட் செய்தபிறகும் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது.

8. வெளியே வந்து கட்டாயம் ரீஸ்டார்ட். புதுப் பத்திரத்தை டாஸ் அப்போதுதான் படிக்கும்.

9. ‘ஃபார்மட் சி: /எஸ்’. /எஸ் போட்டால் சிஸ்டம் ஃபைல்களும் போய்ச் சேரும். டி:-க்கு வெறும் ‘ஃபார்மட் டி:’ போதும். லேபிளுக்கு 11 எழுத்து இடம் உண்டு; காலியாக விடாமல் பெயர் வையுங்கள். அடுத்த முறை அடையாளம் காட்டும்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து…

வைரஸுக்கும் ஃபார்மட்தான் மருந்து என்பார்கள். 1991-இல் கண்டுபிடிக்கப்பட்ட மைக்கேலாஞ்சலோ வைரஸ் குடியிருந்தது மாஸ்டர் பூட் ரெக்கார்டில். மார்ச் 6 அன்று விழித்துக்கொண்டு டிஸ்க்கின் மேல் குப்பையை எழுதும். ஃபார்மட் சி: அந்த முதல் செக்டாரைத் தொடுவதே இல்லை. அதாவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையும் கொளுத்தியாச்சு, மூட்டைப்பூச்சியும் வாசல் நிலையில் பத்திரமாக இருக்கிறது! சுத்தமான ஃப்ளாப்பியில் பூட் செய்து, சி:-இல் ஃபைல்கள் தெரிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தெரிந்தால் ‘எஃப்டிஸ்க் /எம்பிஆர்’ அந்த 446 பைட்டை மட்டும் புதிதாக எழுதும். தெரியாவிட்டால் தொடக்கூடாது. மங்கி போன்ற வைரஸ்கள் பத்திரத்தையே பூட்டிச் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

புது கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஜிபிடி முறையில் பத்திரத்தின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் எழுதப்படுகிறது. பாகங்களும் நாலுக்குப் பதில் 128 வரை சாதாரணமாகவே எழுதலாம். நிலம், பத்திரம், பதிவேடு என்ற மூன்று கட்டம் மட்டும் மாறவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். எழுதுவதற்கு முன் படியுங்கள்: செட்டப்பைப் படியுங்கள், பத்திரத்தைப் படியுங்கள், லேபிளைப் படியுங்கள். எல்லா டேட்டாவும் போய்விடும், தொடரலாமா என்று டாஸ் ‘ஒய்’யா ‘என்’னா கேட்டு நிற்கும்போது அதற்கு ஒரு அவசரமும் கிடையாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஆகவே நண்பர்களே, ‘ஒய்’ அழுத்தும் முன் ஒருமுறை உங்களையே கேளுங்கள்: ‘ஒய்?’