இரைச்சல் சொன்ன இரகசியம்

இரைச்சலை விரும்புவார் எவருமிலர். வானொலியிலே நல்லதொரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கையில் 'உஸ்' என்னும் ஓசை குறுக்கிட்டால் நாம் முகத்தைச் சுளிக்கின்றோம். பௌதிக விஞ்ஞானிகளும் நெடுங்காலம் மின் இரைச்சலை ஒழிக்கவேண்டிய தொல்லையாகவே கருதினர். எனினும், அத்தொல்லையைப் பொறுமையுடன் செவிமடுத்த சிலர், வேறு வழியால் எளிதில் அறியவொண்ணாத உண்மைகளை அறிந்தனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

மின்னோட்டம் ஆற்றுநீர் போல இடையறாது ஒழுகுவதாக நமக்குத் தோன்றுகின்றது. உண்மையில் அஃது இலத்திரன் என்னும் நுண்டுகள்களின் பெயர்ச்சியே. ஓர் அம்பியர் மின்னோட்டம் பாயும் கம்பியின் குறுக்குவெட்டை ஒரு செக்கனில் ஏறத்தாழ 62,000 கோடி கோடி இலத்திரன்கள் கடக்கின்றன. இத்துணைப் பெருந்தொகையில் ஒன்றிரண்டு கூடினாலென்ன, குறைந்தாலென்ன என்று நாம் எண்ணக்கூடும். யேர்மானிய விஞ்ஞானி வால்ற்றர் சொட்கி அவ்வாறு எண்ணி அமையவில்லை.

வானொலி வால்வினுள்ளே சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் ஒழுங்கின்றி, தத்தம் போக்கில் வெளிப்படுகின்றன. ஆதலின் மின்னோட்டம் சிறிதே ஏறியும் இறங்கியும் நடுங்கும். அந்நடுக்கமே இரைச்சலாகும் என்று சொட்கி 1918ஆம் ஆண்டில் விளக்கினார்.

தகரக் கூரையின்மீது மழை பெய்வதாகக் கொள்வோம். பீலிவழியே தொட்டியிற் சேர்ந்த நீரை அளந்தால், பெய்த மழை எவ்வளவு என்பது தெரியும். துளி பெரிதா, சிறிதா என்பது தெரியாது. அதனைக் கூரையின் ஓசையே சொல்லும். நீரின் அளவு ஒன்றேயாயினும் தூறலின் ஓசை வேறு. பெருந்துளியின் ஓசை வேறு. அதுபோலவே, மின்னோட்டத்தின் அளவு மொத்தத்தைச் சொல்ல, இரைச்சலின் அளவு ஒவ்வொரு துகளின் மின்னேற்றத்தைச் சொல்கின்றது. அமெரிக்காவில் ஹல், வில்லியம்ஸ் என்னும் இருவர் 1925இல் இம்முறையாலேயே இலத்திரனின் மின்னேற்றத்தைக் கணித்தனர்.

இரைச்சலில் இன்னொரு வகையுமுண்டு. கடத்தியினுள்ளே இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாது அலைவதால் எழுவது அது. 1928இல் ஜோன்சன் அதனை அளந்து காட்ட, நைக்குவிஸ்ற் அதற்குக் கணித விளக்கம் தந்தார். அவ்விரைச்சல் வெப்பநிலையையும் தடையையும் சொல்லுமேயன்றித் துகளின் மின்னேற்றத்தைச் சொல்லாது. எனவே துளியின் ஓசையைத் தெளிவாகக் கேட்க விரும்புவோர், கடத்தியைத் தனிப்பூச்சியமாகிய கழிய 273 பாகை சதமவளவை நெருங்கக் குளிர்விக்கவேண்டியவராயினர்.

1988இல் ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் புதுமையானதொரு கடத்தி அமைக்கப்பட்டது. கல்லியம் ஆசனைட்டுப் பளிங்கிலே, இலத்திரனின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு ஒடுங்கிய வாயில் ஒன்று அது. அவ்வாயிலை அகலப்படுத்தியபோது மின்னோட்டம் சீராகக் கூடவில்லை. மாடிப்படி ஏறுவதுபோலப் படிப்படியாகவே கூடிற்று. ஒரு பாதை மட்டும் திறந்திருக்கும்போது தடை ஏறத்தாழ 12,900 ஓம்.

அங்கே இரைச்சல் எவ்வாறிருந்தது? 1995இல் இசுரவேலின் வைஸ்மன் நிலையத்திலும் 1996இல் பிரான்சின் சக்லே ஆய்வுகூடத்திலும் அதனை அளந்தனர். பாதை முற்றாகத் திறந்த படிகளில் இரைச்சல் பெரிதும் அடங்கிவிட்டது! இரண்டு இலத்திரன்கள் ஒரே நிலையில் இருத்தலாகாது என்பது இயற்கையின் விதி. ஆகையால், கோயிலின் குறுகிய வாயிலில் அடியார்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் செல்வதுபோல, அவை வரிசை தவறாது சென்றன. வாயில் பாதி திறந்து, சில புகவும் சில திரும்பவும் நேர்ந்தபோதே இரைச்சல் எழுந்தது.

வியப்பின் உச்சம் 1997இல் நிகழ்ந்தது. மிகுந்த குளிரில், வலிமைமிக்க காந்தப்புலத்தில், மெல்லிய படலத்தில் அடைபட்ட இலத்திரன்கள் விந்தையாக நடந்துகொள்வதை 1982இலேயே கண்டிருந்தனர். அங்கே மின்னேற்றம் இலத்திரனுக்குரியதில் மூன்றிலொரு பங்காகத் தோன்றும் என்று லாவ்லின் 1983இல் கூறினார். தொட்டி நீரை அளப்பதுபோல மின்னோட்டத்தை மட்டும் அளந்து இதனை மெய்ப்பிக்க இயலவில்லை. மேற்கூறிய இரு நாட்டு ஆய்வாளரும் ஒடுங்கிய வாயிலிற் பட்டுத் திரும்பும் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்தனர். துளியின் அளவு மூன்றிலொன்று என்றே விடை வந்தது. இதனால் இலத்திரன் பிளவுண்டதெனக் கொள்ளலாகாது. கூட்டாக இயங்கும் பல இலத்திரன்களிடையே அத்தகைய மின்னேற்றமுள்ள புதியதொரு துகள் போன்ற நிலை தோன்றுகின்றது என்பதே பொருள். அடுத்த ஆண்டு லாவ்லினும், 1982இல் அவ்விந்தையைக் கண்டறிந்தோருள் ஸ்ரோமர், சூயி என்னும் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

நம் மாணவர் பலர், செய்முறைக் குறிப்பேட்டில் ஒழுங்காக அமையாத அளவீட்டை அழித்துவிட்டு, பாடநூலிலுள்ள விடைக்குப் பொருந்துவதை எழுதிவைக்கின்றனர். பெற்றோரும் ஆசிரியரும் அந்த அழகிய குறிப்பேட்டைக் கண்டு மகிழ்கின்றோம். மானியின் முள் நடுங்கினால், நடுங்கியதென்றே எழுதுமாறு அவர்களுக்குச் சொல்வோமாக. ஏன் நடுங்கிற்று என்னும் கேள்வி அதன்பின்னரே பிறக்கும்.