சிறு பட்டறைகளும் மருத்துவக் கருவிப் பொருட்காட்சியும்

ஜெர்மனி நாட்டில் ரைன் நதிக்கரையிலுள்ள டுசல்டார்ஃப் நகரில், ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் 'மெடிகா' என்னும் மருத்துவக் கருவிப் பொருட்காட்சி நடைபெறுகிறது. 1969-இல் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்கிய இக்காட்சியில், இப்போது ஏறத்தாழ 70 நாடுகளைச் சேர்ந்த 5,000-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் கடை விரிக்கின்றன. இவையனைத்தும் பெருங் கம்பெனிகள் என்று எண்ணிவிடலாகாது. சிறு பட்டறைக்காரர்களும் அங்கே இடம் பெறுகின்றனர். அவர்கள் அத்தனை தொலைவு செல்வது எதற்காக என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

பாகிஸ்தானின் சியால்கோட் நகரை எடுத்துக்கொள்வோம். பல்லாண்டுகளுக்கு முன், அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் ரணசிகிச்சைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த கொல்லர்கள், நாளடைவில் அவற்றைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர். இன்றும் அவ்வூரில் ஒரு பட்டறை எஃகை அடித்து உருவாக்கும்; மற்றொன்று அராவும்; வேறொன்று மெருகிடும். இவ்வாறு உருவாகும் கத்தரிகளிலும் இடுக்கிகளிலும் ஒரு பகுதி, ஜெர்மனியின் டுட்லிங்கன் முதலிய ஊர்களின் வணிகர் வழியே, அவ்வணிகருடைய பெயர் பொறிக்கப்பெற்று ஆஸ்பத்திரிகளை அடைகிறது. செய்தவர் பெற்ற விலைக்கும் ஆஸ்பத்திரி கொடுத்த விலைக்கும் இடையே பெருந் தூரம் உண்டு. மண்டிக்கு நிலக்கடலை ஏற்றிச் சென்ற நம் விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொருட்காட்சியில், வாங்குபவர் செய்தவரை நேரில் காண்கிறார். கத்தரியைக் கையிலெடுத்து, மூட்டு தளர்ந்திருக்கிறதா, முனைகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். உடனே வாங்கிவிடுவார் என்பதில்லை. மாதிரி கேட்பார், பின்னர் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடக்கும். மறு ஆண்டும் அதே முகத்தை அங்கே கண்ட பிறகே நம்பிக்கை பிறப்பதும் உண்டு. ஆகவே ஒருமுறை மட்டும் சென்று திரும்புவது பெரும்பாலும் வீண் செலவே என்பது எம் கருத்து.

இட வாடகை, பயணம், தங்குமிடம் ஆகியவற்றைத் தனியொருவர் தாங்குதல் அரிது. எனவே பல நாடுகளில் அரசாங்க நிறுவனமோ தொழிற்சங்கமோ பெரிய இடமொன்றை வாடகைக்கு எடுத்து, சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. இதனைப் பொது அரங்கு என்பர். பாகிஸ்தானின் பட்டறைக்காரர்களும் இம்முறையில் பங்கு கொள்கின்றனர். செல்வம் மிக்க ஜெர்மானிய மாநிலங்களும் தம் சிறு தொழில்களுக்கு இவ்வாறே செய்கின்றன.

எனினும், கண்ணுக்கு நல்ல கத்தரி மட்டும் போதாது. 2021 மே 26 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய மருத்துவக் கருவி விதியின்படி, திரும்பத் திரும்பப் பயன்படும் ரணசிகிச்சைக் கருவிகளுக்கும், அவற்றைச் சுத்தம் செய்து கிருமி நீக்கும் முறையைப் பொறுத்தவரை, வெளித் தணிக்கையாளரின் சான்று வேண்டும். முன்னர்ச் செய்தவரின் உறுதிமொழியே போதுமானதாயிருந்தது. பழைய கருவிகள் சிலவற்றுக்கு நிபந்தனையுடன் 2028 இறுதிவரை தவணை தரப்பட்டுள்ளது. சான்றுக்கான செலவு பெரிய கம்பெனிக்குச் சிறிது. பட்டறைக்காரருக்கோ பெருஞ் சுமை. அரங்கில் கருவியைக் கையிலெடுக்கும் வெளிநாட்டார் இப்போது அந்தக் காகிதத்தையும் கேட்கின்றனர்.